கிணற்றுத் தண்ணீரும் பொனற் விளிம்பும்: கார் மெருகு வேலை பழகிய ஒருவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் கார் டீடெய்லிங், அதாவது காரைக் கழுவி மெருகூட்டும் வேலை, பழக விரும்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த இயந்திரம் வாங்கலாம் என்பதுதான். உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று நான் திருப்பிக் கேட்டால், பேச்சை மாற்றுகிறேன் என்று நினைக்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கு எப்படிப் பழக்கமானது என்பதே இந்தப் பதிவு. சம்பந்தப்பட்டவர்கள் எழுதச் சம்மதித்தார்கள், பெயர் வேண்டாம் என்றார்கள். வேலை பழகியவரை மருமகன் என்றும் கார்க்காரரை மாமா என்றும் குறிப்பிடுகிறேன். அவர்களுக்குள் உறவும் அதுதான்.

பின்னணி

மருமகனுக்கு 34 வயது. கணித ஆசிரியர். வீடு வண்ணார்பண்ணைப் பக்கம், பாடசாலை வேலணையில். வார நாட்களில் காலையும் பிற்பகலும் பண்ணைப் பாலத்தால் போய் வருகிறவர். இரு பக்கமும் கடல். வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும் மாதங்களில் அந்தப் பாதையால் ஒருமுறை போய்வந்தாலே கண்ணாடியில் உப்புப் படலம் ஒட்டிக்கொள்ளும்.

கார் மாமாவுடையது. 1990களின் நடுப்பகுதியில் செய்யப்பட்ட ரொயோட்டா கொரோலா, கடும் நீல மெற்றாலிக் நிறம். முழங்கால் வலியால் அவர் ஓட்டுவதை நிறுத்தியபோது சாவி மருமகனின் கைக்கு வந்தது. கூடவே ஞாயிற்றுக்கிழமைக் கழுவலும் வந்தது. மாமா அதை ஒருநாளும் வேலைக்காரரிடம் விட்டதில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் காரை நிறுத்துவார். கிணற்றுத் தண்ணீரும் சவர்க்காரத் தூளும் கலந்த ஒரு வாளி, துடைக்கப் பழைய சாரம். கீழ்ப்பகுதியில் தார் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய். சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய வாரம் தவறாமல் கம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசையைப் பூசித் தேய்த்து மினுக்குவார். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் முறை.

இந்தக் குடும்பத்துக்கு அந்தக் கார் எவ்வளவு பெறுமதியானது என்பதையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்பு பழைய ஜப்பான் கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும். எரிபொருள் வரிசைகளில் நின்ற காலத்திலேயே மருமகன் கைத்தொலைபேசியில் மெருகு வேலைக் காணொளிகள் பார்க்கத் தொடங்கிவிட்டார். பாடசாலை முடிந்து வந்தபின் மனத்தை ஆற்றுகிற ஒரு கைவேலை தனக்கு வேண்டியிருந்தது என்று பிறகு சொன்னார். அந்த ஆசையை நான் மதிக்கிறேன். நானும் அதே ஆசையோடுதான் இதற்குள் வந்தேன்.

முதலில் கண்டவை

2024 சித்திரையில் அவர் வேலையைத் தொடங்கினார். கண்டவற்றை ஒரு பயிற்சிக் கொப்பியில் குறித்து வைத்தார். இந்தப் பதிவை எழுத முடிந்ததே அந்தக் கொப்பியால்தான்.

முதலாவது, வெயிலில் நின்று பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்கள். மண் ஒட்டிய துணியால் தேய்த்துக் கழுவியதால் வருபவை இவை. கடும் நிறத்தில் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, பொனற்றிலும் கூரையிலும் பயறளவு வெள்ளை வட்டங்கள். நடுப்பகுதி மெல்லியது, ஓரம் தடித்தது. நகத்தால் சுரண்டினால் சில வட்டங்களில் மாவுபோல ஏதோ வந்தது, சிலவற்றில் வரவில்லை. “கழுவினால் போகவில்லை. கழுவக் கழுவக் கூடுகிறது” என்று வைகாசியில் எழுதியிருக்கிறார். விடை அந்த வரியிலேயே இருந்தது. எழுதியவரும் அதைக் கவனிக்கவில்லை, அப்போது அவருக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த நானும் கவனிக்கவில்லை. “பழைய கீறலாக இருக்கும், பொலிஷ் போட்டால் போய்விடும்” என்றேன். காரை நேரில் பார்க்காமல் சொன்ன சொல் அது. இந்த நிகழ்வில் என் பங்கான பிழையும் அதுதான்.

அவர் பார்த்த காணொளிகளைக் குறை சொல்ல மாட்டேன். கடினத் தண்ணீர் உள்ளவர்கள் வடிகட்டி பூட்டுங்கள் என்று அவற்றில் சிலவற்றில் சொல்லத்தான் செய்கிறார்கள். ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு இருபது நிமிடம் இயந்திரத்தைக் காட்டுகிறார்கள். அந்தக் காணொளிகள் எடுக்கப்படும் ஊர்களில் அந்த ஒரு வசனம் போதும். குடாநாடு முழுவதும் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமக்கு இல்லை. மழை அந்தக் கல்லின் வெடிப்புகளால் இறங்கி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, கிணற்றில் வந்து நிற்கிறது. கரையோரங்களில் உவரும் சேர்கிறது. எங்கள் பாடம் அந்த வசனத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை

மருமகன் தெரிந்த கராஜ் ஒன்றிலிருந்து பொலிஷ் இயந்திரம் ஒன்றை இரவல் வாங்கினார். ஓர் அச்சில் வட்டமாக மட்டும் சுழலும் வகை. அதில் ஆட்டுரோமத் தட்டு. தேர்ந்த கைக்கு அது நல்ல கருவி, விரைவில் வேலை முடிக்கும். ஆனால் ஓரிடத்தில் நின்றால் சூடு அங்கேயே சேரும். சுழன்றபடியே அதிரும் இரட்டை இயக்க வகையில் சூடு பரவிப்போகும், பழகுகிறவரின் பிழையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

பிற்பகல் ஐந்து மணி. மாமா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பொனற்றின் நடுவில் வேலை நன்றாகப் போனது. சிலந்தி வலை மறைந்து, வேப்ப மரத்தின் நிழல் அதில் தெளிவாக விழுந்தது. அந்த உற்சாகத்தோடு இயந்திரத்தை வலப்பக்க மேட்டுக்கு, பொனற் மடிந்து உயரும் அந்தக் கோட்டுக்குக் கொண்டுபோனார்.

அதுவரை வெள்ளையாக இருந்த ஆட்டுரோமம் ஓரிடத்தில் நீலமாகியது, மை ஒற்றியது போல. அழுக்குக் கழல்கிறது என்று நினைத்து அவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அரை நிமிடம் இருக்கும். துடைத்துப் பார்த்தபோது, மேட்டின் மேல் ஒன்பது சென்ரிமீற்றர் நீளத்துக்கு, சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில், மினுக்கமே இல்லாத ஒரு கோடு. சிலேற்றுப் பலகை போல வெளிறிக் கிடந்தது.

கிளியர் பூச்சு உள்ள காரில் கம்பவுண்ட் போடும்போது தட்டில் காரின் நிறம் வரக்கூடாது. மேலே இருப்பது நிறமற்ற பூச்சு, அதைத் தேய்த்தால் வெண்மையான கசடுதான் வரும். நிறம் வந்தால் கிளியரைத் தாண்டி நிறப்பூச்சைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். ஒஸ்ரின், மொறிஸ் போன்ற பழைய கார்களின் ஒற்றைப் பூச்சில் நிறம் வருவது இயல்பு. எங்கள் ஊரில் பலருக்கு மெருகு வேலை அறிமுகமானது அந்தக் கார்களின் வழியாகத்தான். அதனால் “நிறம் வந்தால்தான் அழுக்குப் போகிறது” என்ற எண்ணம் இன்னும் நிலைத்திருக்கிறது. மருமகனும் அதைச் சிறுவயதில் யாரோ சொல்லக் கேட்டிருந்தார்.

மாமா கதிரையை விட்டு எழுந்து வந்து பார்த்தார். “சரி தம்பி, இன்றைக்குக் காணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் மருமகன்.

அளந்து பார்த்தது

மறுநாள் காலை போனேன். பெயின்றின் கனத்தை, அதாவது தடிப்பை, அளக்கும் கருவி என்னிடம் இருக்கிறது. இரும்புத் தகட்டின் மேல் வைத்தால் பூச்சுகள் எல்லாவற்றின் மொத்தக் கனத்தையும் மைக்ரோனில் காட்டும். பிளாஸ்ரிக் பம்பரில் இந்த வகைக் கருவி வேலை செய்யாது. தொழிற்சாலைப் பூச்சு பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரை இருக்கும், அதில் கிளியர் ஏறத்தாழ 35 முதல் 50 வரை. ஒரு தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பது தலைமயிரிலும் மெல்லிய அந்தத் தோல்தான்.

கூரையில் 112. கதவுகளில் 118 முதல் 125. பின்கதவில் 105. பொனற்றின் நடுவில் 86 முதல் 92. மேட்டில், எரிந்த கோட்டில், 58.

எரிந்த இடம் எனக்கு வியப்பாக இருக்கவில்லை. விளிம்பிலும் மேட்டிலும் பூச்சு எப்போதும் மெலிவு. ஈரமான பெயின்ற் விளிம்பிலிருந்து வழிந்து விலகும். தட்டின் முழு அழுத்தமும் அந்த மெல்லிய கோட்டில் வந்து குவியும். என்னை நிறுத்தியது பொனற்றின் நடு. மருமகன் தொட்ட அரை மணி நேரத்தில் அவ்வளவு குறைந்திருக்க வழியில்லை. இருபது சித்திரைகள் கையால் தேய்த்த கம்பவுண்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோயிருக்கிறது. மாமா அன்போடு செய்த வேலைதான் அது.

இடப்பக்க மட்காட்டில் கருவி 260 காட்டியது. திரும்பப் பெயின்ற் அடித்த இடம் போலத் தெரிந்தது. “ஐயா, இது முன்பு எங்காவது அடிபட்டதா?” என்று கேட்டேன். மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 2002இல் ஏ9 பாதை திறந்த பின்பு கொழும்புக்குப் போன முதல் பயணத்தில் லொறி ஒன்று உரசியது என்றும், வீட்டுக்குத் தெரியாமல் வழியிலேயே பெயின்ற் அடித்துக்கொண்டு வந்ததாகவும் சொன்னார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மாமி வெளியே எட்டிப் பார்த்தார். அந்த வீட்டில் அன்று முதன்முதலாக ஒரு சிரிப்பு வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இயந்திரத்தை அன்றே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். எரிந்த கோட்டை உடனடியாக மறைக்க முயல வேண்டாம், மெழுகு மட்டும் பூசி மூடி வையுங்கள் என்றேன். அவசரத்தில் தொட்டுப் பூசும் பெயின்ற் பிறகு அடிக்கும் பெயின்றருக்கு இரட்டை வேலையாகும்.

அடுத்து அந்த வெள்ளை வட்டங்கள். அவற்றுக்குக் காரணம் தெரியாமல் எதையும் செய்யக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். முதலில் சொன்ன பிழையைத் திரும்பச் செய்ய எனக்கு மனமில்லை.

பழைய யன்னல் கண்ணாடி ஒன்றை எடுத்துக் கழுவித் துடைத்து, கறுப்புத் துணியின் மேல் வைத்தோம். நான்கு வகைத் தண்ணீரில் ஒவ்வொரு தேக்கரண்டி: வீட்டுக் கிணறு, பக்கத்து வளவுக் கிணறு, வடிகட்டிப் போத்தலில் விற்கும் குடிநீர், காரின் பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர். ஒவ்வொன்றுக்கும் அருகில் தாளில் பெயர் எழுதி வெயிலில் வைத்தோம். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் வற்றிவிட்டன. பற்றரித் தண்ணீர் விழுந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. போத்தல் குடிநீர் மூச்சுப் பட்டது போன்ற ஒரு மங்கலை விட்டிருந்தது. இரண்டு கிணறுகளும் வெள்ளை வட்டங்களை விட்டிருந்தன. ஓரம் தடித்து, நடு மெலிந்து, பொனற்றில் இருந்தவற்றின் அச்சு அசல்.

தேநீர் கொண்டு வந்த மருமகனின் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, “இதுதானே கேத்தலுக்குள்ளும் இருக்கிறது. நான் தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்கவைத்து எடுப்பேன்” என்றார்.

மூன்று மாதம் நாங்கள் தேடியது அந்த வீட்டுச் சமையலறையில் இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலில் கல் பிடிக்கும், குளித்தால் தலைமயிர் முரடாகும் என்பது யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும். அதே தண்ணீரை வெயிலில் கொதிக்கிற பொனற்றில் ஊற்றிவிட்டு, காய்ந்தபின் துடைத்தால் என்ன மிஞ்சும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. பண்ணைக் கடலின் உப்பைக்கூட நல்ல தண்ணீர் கரைத்துக்கொண்டு போய்விடும். சுண்ணாம்பு அப்படியல்ல. ஒருமுறை காய்ந்தபின் வெறும் தண்ணீருக்கு அது அசையாது, புளிப்புக்குத்தான் அசையும்.

கண்ணாடியில் இருந்த வட்டத்தின் மேல் வினாகிரி ஒரு துளி விட்டோம். நுண்ணிய குமிழிகள் எழுந்து, வட்டம் கரைந்து போனது.

காரில் இதைச் செய்யும்போது கவனமாக இருந்தோம். நிழலில், தகடு குளிர்ந்த பின்பு, வினாகிரிக்குச் சமமாக வடித்த நீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் போர்த்திவைத்து, பிறகு ஷாம்பு கரைத்த தண்ணீரால் கழுவினோம். எரிந்த கோட்டுக்கும் தகடு தெரிகிற கீறல்களுக்கும் கிட்டக் கொண்டுபோகவில்லை. பொனற்றில் இருந்த வட்டங்களில் பாதிக்கு மேல் முதல் தடவையிலேயே போயின. சில இரண்டாவது தடவைக்குப் போயின. மிஞ்சியவற்றில் விரலை வைத்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை, ஆனாலும் வட்டம் தெரிந்தது. அவற்றில் சுண்ணாம்பு இல்லை. காய்ந்து இறுகிய படிவும் வெயிலும் சேர்ந்து கிளியரையே அரித்துவிட்ட பள்ளங்கள் அவை. அவற்றைப் போக்க ஒரே வழி, பள்ளத்தின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியரையும் தேய்த்து இறக்குவது.

இங்கேதான் மருமகனோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருந்தது. “அண்ணா, மெதுவாகச் செய்தால் போய்விடும் அல்லவா?” என்றார். போகும். ஆனால் 88 மைக்ரோன் உள்ள பொனற்றில் எவ்வளவு கிளியர் மிஞ்சியிருக்கிறது என்று கருவி பிரித்துச் சொல்லாது, மொத்தத்தைத்தான் சொல்லும். தெரியாத கையிருப்பிலிருந்து செலவு செய்யக்கூடாது என்றேன். கணித ஆசிரியருக்கு அந்தக் கணக்கு விளங்கியது. பள்ளங்களை அப்படியே விட்டோம். மெருகு வேலையில் மிகக் கடினமான முடிவு இதுதான் என்று நான் நினைக்கிறேன். கையில் கருவியும் நேரமும் ஆசையும் இருக்கும்போது ஒரு குறையைப் பார்த்துக்கொண்டு விட்டுவிடுவது.

பொனற்றுக்குத் திரும்பப் பெயின்ற் அடிப்பதா என்பதை மாமாவிடம் விட்டோம். நீண்ட அனுபவமுள்ள பெயின்றர் ஒருவரிடம் காட்டினோம். ஒரு கோட்டுக்கு மட்டும் கிளியர் அடித்தால் அதன் எல்லை எப்போதும் தெரியும், பொனற் முழுவதும் அடிக்க வேண்டும், மங்கிய நீலத்துக்கு நிறம் பொருத்துவதுதான் சிரமம் என்று நேர்மையாகச் சொன்னார். மாரி முடியட்டும், ஈரக்காற்றில் வேண்டாம் என்பதும் அவர் சொன்னதே. மாமா சம்மதித்தார். செலவைத் தானே தருவதாக மருமகன் பிடிவாதமாக நின்றார்.

கழுவல் மாறியது

ஆவணியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வேலை காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், நடந்தது. சவர்க்காரத் தூளின் இடத்தில் காருக்குரிய ஷாம்பு வந்தது. தூளின் காரம் பூசிய மெழுகையும் கொண்டுபோய்விடும். இரண்டு வாளிகள், ஒன்றில் ஷாம்பு, மற்றதில் கையுறையை அலசும் தண்ணீர். முதலில் தாராளமாக ஊற்றி உப்பையும் மண்ணையும் இறக்கிய பிறகே கையுறை காரைத் தொடும். பண்ணைப் பாலத்து உப்புத் தூசியை உலர்ந்த துணியால் துடைப்பது அரத்தாள் போடுவதற்குச் சமம். கூரையிலிருந்து கீழ்நோக்கி, ஒரு பகுதி கழுவி அலசிய பின்பே அடுத்த பகுதி. ரயர்களுக்குத் தனித் துணி. சக்கர வளைவுகளின் உட்புறத்துக்குக் கூடுதல் தண்ணீர், உப்பு ஒளிந்திருந்து தகட்டைத் தின்பது அங்கேதான்.

கடைசி அலசல்தான் எங்களுடைய சேர்க்கை. தோட்டக்காரர் பூச்சிமருந்து அடிக்கும் கைத்தெளிகருவியில் புதிதாக ஒன்றை வாங்கினோம். மருந்து பட்ட பழையது கூடவே கூடாது. அதில் ஆறு லீற்றர் போத்தல் குடிநீர் ஊற்றி, கிணற்றுத் தண்ணீர் காயுமுன் கார் முழுவதும் தெளித்து, உடனே பெரிய மைக்ரோபைபர் துவாயால் ஒற்றி எடுத்தோம். தேய்க்கவில்லை, விரித்துப் போட்டு இழுத்தோம். ஆறு லீற்றர் காணும்.

கழுவும் இடத்தையும் மாற்றினோம். கிணற்றடியில் கழுவினால் வசதிதான். ஆனால் எங்கள் நிலத்தில் மேலே ஊற்றுவது சுண்ணக்கல்லின் வெடிப்புகளால் விரைவாகக் கீழே போய்ச் சேரும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தை மறந்தவர் இங்கே இருக்க மாட்டார். குடிக்கிற தண்ணீரும் கழுவுகிற தண்ணீரும் ஒரே நிலத்தடியிலிருந்து வரும் ஊரில் மண்ணெண்ணெயும் எண்ணெய் நீக்கிகளும் கிணற்றடியில் சிந்தக் கூடாது. கார் இப்போது கேற்றடியில் கழுவப்படுகிறது. மண்ணெண்ணெய் நின்றுபோனது.

மெழுகு போடும்போது மாமாவே வந்து நின்றார். கார்னோபா மெழுகு பிரேசிலின் வரண்ட வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து வருகிறது, வெயிலில் ஈரம் போகாமலிருக்க அந்த மரம் தன் ஓலைக்குத் தானே பூசிக்கொள்வது அது என்று சொன்னேன். டப்பாவை வாங்கி மணந்து பார்த்தார். “பனை தெரியாததும் உண்டோ” என்றார்.

பழைய கதவில் பழகியது

பழைய இரும்புக் கடையில் கடும் நிறக் கார்க் கதவு ஒன்றை மருமகன் வாங்கினார். இரட்டை இயக்க இயந்திரம் ஒன்றையும் வாங்கினார், இந்த முறை சொந்தமாக. கதவைக் கொட்டிலில் இரண்டு மேசைகளின் மேல் கிடத்தி, நடுவில் ரேப் ஒட்டி, ஒரு பாதியில் மட்டும் வேலை செய்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு கனம் அளந்து கொப்பியில் எழுதினார். மென்மையான தட்டும் நுண் பொலிஷும் போட்டபோது கருவியில் மாற்றமே தெரியவில்லை. கம்பவுண்டும் கடினத் தட்டும் நான்கு சுற்றுப் போட்டபோது மூன்று மைக்ரோன் குறைந்தது. கருவியின் பிழை எல்லையே அந்த அளவில் இருக்கும் என்பதையும் அவரே பக்கத்தில் குறித்திருந்தார்.

பிறகு வேண்டுமென்றே விளிம்பில் இயந்திரத்தை நிறுத்தி, கிளியரைத் தாண்டும்வரை பிடித்திருந்தார். தட்டில் நிறம் வரும் அந்தக் கணத்தைக் கண்ணும் காதும் கையும் அறிய வேண்டும் என்றார். நிறம் வருவதற்குச் சற்று முன் தகட்டில் கையை வைத்தபோது சூடு தாங்க முடியவில்லையாம். ஆடி மாதத்துப் பொனற்றில் கையை வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இந்தக் கதவு வேலை இரண்டு மாதம் நடந்தது. இடையில் மழை தொடங்கிவிட்டது.

பின்பு நடந்தவை

மாரி எங்களுக்கு நல்ல தண்ணீர் கொண்டுவந்தது. முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு வந்ததை மூடியுள்ள பீப்பாவில் பிடித்தார்கள். மூடி கட்டாயம், டெங்குக் காலத்தில் திறந்த தண்ணீர் வைக்க முடியாது. மார்கழி வரை கடைசி அலசலுக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கவில்லை. மழைத் தண்ணீரைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தோம். பற்றரித் தண்ணீருக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

புதிய வட்டங்கள் வரவில்லை. ஐப்பசியில் ஒருநாள் மட்டும் வீட்டுக்கு வந்த உறவினர் உதவியாகக் கழுவி வெயிலில் காயவிட்டுவிட்டார். அன்று பின்னேரமே மருமகன் வினாகிரியோடு இறங்கியதால் எல்லாம் கரைந்து போயின. படிவு புதிதாக இருக்கும்போது எவ்வளவு எளிதில் போகிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

பொனற் 2025 தையின் பிற்பகுதியில் பெயின்ற் அடிக்கப்பட்டது. செலவு மருமகனின் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டியது. நிறம் நன்றாகப் பொருந்தியது என்றாலும், மாலை வெயில் சரிவாக விழும்போது பொனற்றுக்கும் மட்காட்டுக்கும் இடையில் ஒரு சிறு வேறுபாடு தெரியும். தெரியாதவர்கள் காண மாட்டார்கள். நாங்கள் மூவரும் காண்போம். அடுத்த மாதமே தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்தது. வரிகளோடு சேர்ந்த விலையைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு மாமா பத்திரிகையை மடித்து வைத்தார்.

அந்தச் சித்திரைக்குக் கம்பவுண்ட் போடவில்லை. வழக்கமான நாளில் மாமா கம்பவுண்ட் டப்பாவை எடுத்து வந்ததாகவும், கருவியின் அளவுகளை எழுதிய பக்கத்தை மருமகன் காட்டியபோது டப்பாவைக் கொண்டுபோய் லாச்சிக்குள் வைத்துவிட்டதாகவும் கேள்விப்பட்டேன்.

மீண்டும் தொடங்கினால்

தொலைபேசியில் ஆலோசனை சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். கேட்கிறவர் வீட்டுக்குப் போகிறேன், அல்லது காரை என் வளவுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன். கண்ணாடித் துண்டும் கறுப்புத் துணியும் கனமானியும் ஒரே பைக்குள் இருக்கின்றன. கண்ணாடிச் சோதனைக்கு ஒரு மணி நேரமும் ஒரு தேக்கரண்டித் தண்ணீரும்தான் செலவு. அதைச் சித்திரையிலேயே செய்திருந்தால் இயந்திரம் அந்த வீட்டுக்கு வந்தே இருக்காது.

காரின் வரலாற்றை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். எத்தனை முறை பெயின்ற் அடித்தார்கள், என்ன போட்டுத் தேய்த்தார்கள், யார் தேய்த்தார்கள் என்று. மூத்தவர்களிடம் குற்றம் பிடிக்கிற தொனியில் கேட்டால் விடை வராது. மாமா மட்காட் கதையை இருபத்திரண்டு வருடம் வைத்திருந்தார். கருவி காட்டிய எண்ணைப் பார்த்த பிறகே சொன்னார்.

இயந்திரம் தொடுகிறவர் விளிம்புகளுக்கும் மேடுகளுக்கும் முதலில் ரேப் ஒட்ட வேண்டும், அந்த இடங்களைக் கையால் மட்டும் செய்ய வேண்டும். பழகும் முதல் மாதங்கள் பழைய கதவில்தான். மருமகன் அதே கதவில் இப்போது தன் பாடசாலை மாணவர் இருவருக்கும் காட்டிக் கொடுக்கிறார். முதல் வகுப்பில் கதவு இல்லை, கண்ணாடியும் நான்கு தேக்கரண்டித் தண்ணீரும் மட்டும்.

ஒரு விடயத்தில் எனக்கு இன்னும் தெளிவில்லை. பொனற்றின் பள்ளங்களைத் தொடாமல் விட்டது சரி என்று நினைக்கிறேன், ஆனால் பொனற்றுக்கு எப்படியும் பெயின்ற் அடிக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகு, அதில் தேய்த்துப் பழக மருமகனை விட்டிருக்கலாமோ என்று யோசித்ததுண்டு. கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். மாமா கதிரையில் இருந்து பார்க்கும்போது அந்தக் காரில் பரிசோதனை செய்யத் தனக்குக் கை வராது என்றார்.

கூரையில் இன்னும் பதினொரு பள்ளங்கள் இருக்கின்றன. மருமகன் எண்ணி வைத்திருக்கிறார். 2025 ஆடியில், சரியாக ஒரு வருடம் கழித்து, அவருடைய கொப்பிக்காகக் கூரையைத் திரும்ப அளந்தேன். 112.